காலையில் குளிரும், வெயில் ஏறினால் நின்றுவிடும்: டிராக்டர் கேபின் ஏசி

கேள்வி: ஐயா, எங்கள் கேபின் டிராக்டர் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. காலையில் ஏசி நன்றாகக் குளிர்கிறது. வெயில் ஏறியதும் உழவு ஓட்டிக்கொண்டிருக்கும்போதே குளிர்ச்சி போய்விடுகிறது. இன்ஜினை அணைத்து அரை மணி நேரம் விட்டுப் போட்டால் மறுபடி கொஞ்ச நேரம் வேலை செய்கிறது. மெக்கானிக் இரண்டு தடவை கேஸ் ஏற்றினார். முதல் தடவை இரண்டு நாள் பரவாயில்லை. இரண்டாவது தடவைக்குப் பிறகு முன்பைவிட மோசம். இப்போது கம்ப்ரசரையே மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். கம்ப்ரசர் என்பது ஏசி கேஸை அழுத்தித் தள்ளும் பம்ப். உள்ளே தேய்ந்துபோன கம்ப்ரசர் காலையிலும் அரைகுறையாகத்தான் குளிர வைக்கும். அரை மணி நேரம் ஓய்வெடுத்துத் தேறிவிடாது. உங்கள் வண்டியில் சூடு ஏறியதும் ஏதோ ஒன்று கம்ப்ரசரை நிறுத்துகிறது. இல்லையென்றால் கம்ப்ரசர் ஓடியும் குளிர்ச்சி கேபினுக்குள் வந்து சேரவில்லை. இந்த இரண்டில் எது என்று பார்க்காமலே கேஸ் ஏற்றியிருக்கிறார்கள்.

இரண்டாவது தடவைக்குப் பிறகு மோசமானது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட வரி அதுதான். கேஸ் உண்மையிலேயே குறைவாக இருந்திருந்தால் ஏற்றியதும் நிலைமை தேறியிருக்கும். மோசமாகியிருக்கிறது என்றால் இப்போது உள்ளே கேஸ் அதிகமாக இருக்கலாம், அல்லது ஏற்றும்போது காற்றும் ஈரமும் உள்ளே போயிருக்கலாம். முதல் தடவை பரவாயில்லாமல் இருந்த அந்த இரண்டு நாளும் வெயில் எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். மேகமூட்டமாக இருந்திருந்தால் அந்தப் பலன் கேஸால் வந்ததே இல்லை.

ஏசி நிற்கிற அந்த நேரத்தைப் பிடிப்பதுதான் முதல் வேலை. நின்றது தெரிந்ததும் இன்ஜினை அணைக்காதீர்கள். கருவியைத் தரையில் இறக்கி, பி.டி.ஓ.வை (கருவியைச் சுழற்றும் தண்டு) விடுவித்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டு இறங்குங்கள். ஏசி சுவிட்சும் புளோயரும் ஓடியபடியே இருக்கட்டும். இறங்குவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள்: கேபினுக்குள் வரும் காற்றின் வேகம் காலையில் இருந்த அளவே இருக்கிறதா, குறைந்துவிட்டதா? கீழே இறங்கியதும் கம்ப்ரசரின் முகப்பைப் பாருங்கள். பெல்ட் ஓடும் புல்லி எப்போதும் சுற்றும். அதன் நடுவில் இருக்கும் கிளட்ச் தட்டு, கம்ப்ரசர் வேலை செய்யும்போது மட்டும்தான் சுற்றும். துண்டு, தளர்ந்த சட்டைக் கை எதுவும் பெல்ட்டுக்கோ ஃபேனுக்கோ பக்கத்தில் போகக் கூடாது. கம்ப்ரசரிலிருந்து கண்டென்சருக்கு (கேஸின் சூட்டை வெளியேற்றும், ரேடியேட்டர் போன்ற பாகம்) போகும் மெல்லிய பைப்பைத் தொடாதீர்கள், கை வெந்துவிடும். கேபினிலிருந்து கம்ப்ரசருக்குத் திரும்பும் பருத்த பைப்பைத் தொடலாம். அது சில்லென்று வியர்த்திருக்கிறதா, வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த மூன்றையும் வைத்துப் பாதை பிரிகிறது. காற்றின் வேகம் குறைந்திருந்தால் கூலிங் காயிலில் (கேபின் காற்றைக் குளிர வைக்கும் குழாய்ச்சுருள்) ஐஸ் கட்டியிருக்கிறது. வேகம் அப்படியே இருந்து கிளட்ச் தட்டு நின்றிருந்தால் அழுத்தம் கூடிப்போய் சுவிட்ச் வெட்டியிருக்கிறது, அல்லது கிளட்சிலேயே கோளாறு. தட்டு சுற்றிக்கொண்டே இருந்தும் காற்று சூடாக வந்தால் பருத்த பைப்பை வைத்து முடிவு செய்யலாம்: அது வெதுவெதுப்பாக இருந்தால் விஷயம் கேஸின் ஓட்டத்தில் இருக்கிறது, சில்லென்று இருந்தால் ஹீட்டரில்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இரண்டாவது வகைக்குத்தான் வாய்ப்பு அதிகம். அதனால் அதை விரிவாகச் சொல்கிறேன்.

ஏசிக்குள் சுற்றும் ஆர்-134ஏ கேஸ் கண்டென்சருக்குள் திரவமாக மாற வேண்டுமானால், அங்கே அது வெளிக்காற்றைவிடச் சுமார் 15 முதல் 25 டிகிரி அதிகச் சூட்டில் இருக்க வேண்டும். காலையில் வெளியே 28 டிகிரி என்றால் ஏறக்குறைய 50 டிகிரியில் திரவமாகும். அந்தச் சூட்டில் அதன் அழுத்தம் சுமார் 175 பி.எஸ்.ஐ. மத்தியானம் 40 டிகிரி வெயிலில் 60 டிகிரிக்குப் போகும், அழுத்தம் 230. இதுவரை கவலையில்லை. ஆனால் கண்டென்சரின் ஃபின்களுக்கு (மெல்லிய தகடுகள்) நடுவே தூசியும் வைக்கோல் தும்பும் அடைத்திருந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் 80 டிகிரி வரை ஏறும், அழுத்தம் 365 பி.எஸ்.ஐ.யைத் தொடும். பல மாடல்களில் 370 முதல் 450 பி.எஸ்.ஐ.க்குள் உயர் அழுத்த சுவிட்ச் கிளட்சின் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். கேஸ் கூடுதலாக இருந்தால் கண்டென்சரின் கீழ்ப்பகுதி திரவத்தால் நிரம்பி, திரவமாக்குவதற்கு மிச்சமிருக்கும் இடம் குறைந்துபோகும்; அழுத்தம் இன்னும் சீக்கிரம் ஏறும். தூசியும் கூடுதல் கேஸும் சேர்ந்தால் காலையில் ஒரு குறையும் தெரியாது; வெயில் ஏறியதும் அந்த வரம்பைத் தாண்டும்.

அழுத்தம் இறங்கியதும் சுவிட்ச் மறுபடி சேரும், ஏறியதும் வெட்டும். கிளட்ச் 'டக் டக்' என்று விட்டுவிட்டு அடிக்கும். சில மாடல்களில் கட்டுப்பாட்டுப் பெட்டி இந்த வெட்டுகளை எண்ணி, குறிப்பிட்ட எண்ணிக்கை தாண்டியதும் சாவியை அணைத்துப் போடும்வரை கம்ப்ரசரைச் சேர்க்கவே சேர்க்காது. இன்ஜினை அணைத்துப் போட்டால் வேலை செய்கிறது என்று நீங்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதை உறுதி செய்ய அழுத்தம் அளக்கும் கேஜ் கூடத் தேவையில்லை. ஏசி நின்ற உடனே, இன்ஜின் மிதமான வேகத்தில் ஓடும்போதே, மருந்தடிக்கப் பயன்படுத்தாத ஒரு சுத்தமான கைத்தெளிப்பானால் கண்டென்சரின் முகப்பில் பனிபோல நீர் தெளியுங்கள். பீச்சி அடிக்க வேண்டாம். மின் இணைப்புகள், ஆல்டர்னேட்டர் பக்கம் நீர் போக வேண்டாம். இரண்டு மூன்று நிமிடத்தில் கிளட்ச் சேர்ந்து கேபினில் குளிர்ச்சி திரும்பினால் கோளாறு உயர் அழுத்தம்தான். (கட்டுப்பாட்டுப் பெட்டி பூட்டிக்கொள்ளும் மாடல் என்றால், நீர் தெளித்த பிறகு ஒரு தடவை சாவியை அணைத்துப் போட்டுப் பாருங்கள்.) எந்தக் காரணத்துக்காகவும் அந்த சுவிட்சை வயர் போட்டு நேரடியாக இணைத்து ஓட்டாதீர்கள். ஹோஸ் வெடிப்பதைத் தடுக்க அங்கே இருக்கும் காவல் அது.

அடுத்தது சுத்தம் செய்வது. எல்லோரும் செய்கிறோம் என்பார்கள்; பெரும்பாலும் கிரில்லுக்கு வெளியே இருந்து ஏர் அடிப்பதோடு முடிந்துவிடும். அப்படி அடித்தால் தும்பு இன்னும் உள்ளேதான் போய் இறுகும். இன்ஜின் ஃபேன் முன்னாலிருந்து பின்னால் காற்றை இழுக்கிறது. ஆகவே நீங்கள் பின்னாலிருந்து முன்னால் ஊத வேண்டும். கண்டென்சர், ஆயில் கூலர், இன்டர்கூலர், ரேடியேட்டர் என்று அடுக்கடுக்காக இருக்கும். அடைப்பு பெரும்பாலும் முகப்பில் தெரியாது. கண்டென்சருக்கும் அதன் பின்னால் இருக்கும் கூலருக்கும் நடுவே கம்பளி மாதிரி படிந்திருக்கும். பல டிராக்டர்களில் கண்டென்சரை ஓரிரு போல்ட்டோ கொக்கியோ விடுவித்துக் கதவுபோலத் திறக்கலாம், அல்லது பக்கவாட்டில் இழுக்கலாம். ஹோஸைக் கழற்ற வேண்டியதில்லை. இழுக்கும்போது ஹோஸ் முறுகாமல் மட்டும் பாருங்கள்.

இன்ஜின் ஆறிய பிறகு, முதலில் உலர்ந்த நிலையிலேயே ஊதுங்கள். எடுத்த எடுப்பில் நீர் அடித்தால் தூசி சேறாகி ஃபின்களுக்குள் காய்ந்து இறுகிவிடும். ஏர் அழுத்தம் 30 பி.எஸ்.ஐ. அளவு போதும், நாசிலை ஒரு சாண் தள்ளி, ஃபின்களுக்கு நேராகப் பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் ஃபின்கள் மடங்கிக் காற்று போகும் வழி அடைந்துவிடும். மடங்கியவற்றை ஃபின் சீப்பால் நிமிர்த்தலாம். அதன் பிறகு சாதாரணக் குழாய் அழுத்தத்தில் நீர் விட்டுக் கழுவலாம். உயர் அழுத்த வாஷரைப் பக்கத்தில் வைத்து அடிக்க வேண்டாம். பின்னாலிருந்து ஒரு விளக்கைப் பிடித்தால் ஃபின்களின் ஊடாக வெளிச்சம் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தெரிய வேண்டும். இருட்டாகத் தெரியும் இடம் இன்னும் அடைத்திருக்கிறது.

கழுவும்போது கண்டென்சரில் எங்காவது எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டியிருந்தால் அதைத் துடைப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். கேஸோடு சேர்ந்து கம்ப்ரசர் ஆயிலும் வெளியேறும். பிசுக்கு இருக்கும் இடம் லீக் இருக்கும் இடமாக இருக்க வாய்ப்பு அதிகம். (பக்கத்தில் ஹைட்ராலிக் ஆயில் கசியும் ஹோஸ் ஏதும் இல்லை என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.)

கண்டென்சர் கேபின் கூரைமேல் இருக்கும் மாடல் என்றால் அதற்கென்று தனி மின் ஃபேன்கள் இருக்கும். இரண்டில் ஒன்று நின்றுபோனாலும் இதே அறிகுறிதான் தெரியும். ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள், ஃபியூஸைப் பாருங்கள். கண்டென்சர் முன்னால் இருக்கும் மாடல் என்றால் இன்ஜின் ஃபேனின் விஸ்கஸ் கிளட்சை (சூட்டுக்கு ஏற்ப ஃபேனின் வேகத்தைக் கூட்டும் பாகம்) சந்தேகப்பட வேண்டும். ஏசி நிற்கும் நேரத்தில் இன்ஜின் வெப்பநிலை முள்ளும் வழக்கத்தைவிட ஏறியிருந்தால் விஷயம் ஏசியோடு நிற்கவில்லை. ஃபேன் பெல்ட், விஸ்கஸ் கிளட்ச், ரேடியேட்டர் எல்லாவற்றையும் பாருங்கள்.

நீர் தெளித்தும் கிளட்ச் சேரவில்லை என்றால் மின்சாரப் பக்கம் போக வேண்டும். மல்டிமீட்டரை டி.சி. வோல்டில் வைத்து, கிளட்ச் காயிலுக்குப் போகும் இணைப்பில் ஊசியைச் செருகிப் பாருங்கள். 12 வோல்டுக்குக் குறையாமல் வந்தும் தட்டு சேரவில்லை என்றால் கிளட்ச் பழுது. வோல்டேஜே வரவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, அழுத்த சுவிட்ச், தெர்மோஸ்டாட் என்று பின்னோக்கிப் போங்கள். 9, 10 வோல்ட் என்று அரைகுறையாக வந்தால் ரிலே முனை கருகியிருக்கலாம், எர்த் துரு பிடித்திருக்கலாம், கனெக்டர் தளர்ந்திருக்கலாம். அளவை இணைப்பைக் கழற்றாமல் எடுங்கள். கழற்றி எடுத்தால் சுமை இல்லாததால் பழுதான வயரிலும் 12 வோல்ட் காட்டும்.

சூட்டில் மட்டும் கைவிடும் கிளட்சுக்குக் காரணம் இருக்கிறது. தட்டைக் காந்தமாக இழுக்கும் கிளட்ச் காயில் செம்புக் கம்பியால் ஆனது. ஒரு டிகிரிக்கு அதன் மின்தடை சுமார் 0.4 சதவீதம் கூடும். இன்ஜின் அறைக்குள் காயில் 60 டிகிரி கூடுதலாகச் சூடானால் தடை ஏறக்குறைய கால் பங்கு கூடி, கரண்ட் குறைந்து, காந்தத்தின் இழுப்பும் குறையும். புதிதில் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே 0.4 முதல் 0.8 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். தேய்ந்து தேய்ந்து அது 1 மில்லிமீட்டரைத் தாண்டினால், குளிர்ந்திருக்கும்போது இழுக்கும் காந்தம் சூட்டில் இழுக்காது. ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) மூன்று இடத்தில் விட்டு அளந்து பாருங்கள். இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்து, ஏசி போட்ட நிலையில் ஒரு மரக்கட்டையால் தட்டை லேசாகத் தள்ளினால் 'டக்'கென்று ஒட்டிக்கொள்கிறதா என்றும் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் இடைவெளிதான் பிரச்சினை. சில மாடல்களில் இன்ஜின் ஓடாமல் கிளட்சுக்கு மின்சாரம் வராது. அதில் ஃபீலர் கேஜை மட்டும் நம்புங்கள். தட்டைக் கழற்றி, ஷாஃப்டில் இருக்கும் மெல்லிய ஷிம் வளையங்களில் ஒன்றை எடுத்துவிட்டால் இடைவெளி பழைய அளவுக்கு வந்துவிடும். கேஸைத் தொடவே வேண்டியதில்லை. 12 வோல்ட் காயிலின் தடை பொதுவாக 3 முதல் 4 ஓம். மிகக் குறைவாக இருந்தால் உள்ளே ஷார்ட், முடிவில்லாமல் காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது.

கிளட்ச் சேர்ந்திருந்தும் புல்லிமேல் பெல்ட் வழுக்கினால் கிரீச் சத்தமும் ரப்பர் வாடையும் வரும். பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடிபோலப் பளபளத்தால் இறுக்கிப் பயனில்லை, மாற்றுங்கள். வி-பெல்ட் என்றால் இரண்டு புல்லிக்கும் நடுவே கட்டைவிரலால் பலமாக அழுத்தினால் 10 முதல் 12 மில்லிமீட்டர் இறங்க வேண்டும்.

இனி காற்றின் வேகம் குறையும் வகை. ஐஸ் கட்டும் கேபினில் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து கடைசியில் புளோயர் சத்தம் மட்டும்தான் இருக்கும். அணைத்து அரை மணி நேரம் விட்டால் உருகிய நீர் வடிகால் குழாய் வழியாக ஊற்றும். மறுபடி போட்டால் குளிரும். உங்கள் கடிதத்தில் இருக்கும் 'அரை மணி' இதற்கும் பொருந்துவதால்தான் காற்றின் வேகத்தைக் கவனிக்கச் சொன்னேன். சோதனை எளிது: காற்று குறைந்ததும் ஏசி சுவிட்சை மட்டும் அணைத்து, புளோயரை முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓட விடுங்கள். காற்று பழைய வேகத்துக்கு வந்தால் ஐஸ்தான்.

முதல் காரணம் அடைத்த கேபின் ஃபில்டர். வெளிக்காற்றுக்கு ஒன்று, கேபினுக்குள்ளேயே காற்றைச் சுற்றவிடும் வழியில் ஒன்று என்று இரண்டு இருக்கும்; இரண்டாவதைப் பலரும் திறந்தே பார்ப்பதில்லை. இரண்டையும் எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் புளோயரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். காற்று கணிசமாகக் கூடினால் ஃபில்டரை மாற்றுங்கள். காகித ஃபில்டரைத் தட்டியோ, உள்ளிருந்து வெளியே மெல்ல ஊதியோ சில தடவை பயன்படுத்தலாம். மருந்தடிக்கும்போது பயன்படுத்தும் கரி ஃபில்டரை ஊதவும் கூடாது, கழுவவும் கூடாது. இன்னொன்று, சாதாரணத் தூசி ஃபில்டர் மருந்தின் ஆவியைத் தடுக்காது. ஏசி குளிர்கிறது என்பதால் மட்டும் கேபின் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம்.

இரண்டாவது காரணம் தெர்மோஸ்டாட். அதன் மெல்லிய உணர்குழாய் கூலிங் காயிலின் ஃபின்களுக்குள் செருகியிருக்கும். காயில் உறைநிலையை நெருங்கும்போது அது கிளட்சை நிறுத்த வேண்டும். யாராவது கேபின் கூரையைத் திறந்து வேலை பார்த்துவிட்டு உணர்குழாயை வெளியே தொங்கவிட்டிருந்தால் கம்ப்ரசர் நிற்கவே நிற்காது. சரிபார்க்க, நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் உப்பைக் கலந்து உணர்குழாயின் நுனியை அதில் விடுங்கள். சில நிமிடத்தில் சுவிட்ச் முனைகள் விலக வேண்டும். கைச்சூட்டில் பிடித்தால் மறுபடி சேர வேண்டும். விலகவில்லை என்றால் தெர்மோஸ்டாட்டை மாற்றுங்கள். திரும்பப் பொருத்தும்போது முன்பு இருந்த அதே இடத்தில், அதே ஆழத்துக்குச் செருகுங்கள். மின்னணு சென்சார் இருக்கும் மாடல்களில் இந்தச் சோதனை இப்படிப் பொருந்தாது. சென்சாரின் ஓம் அளவைக் கையேட்டோடு ஒப்பிட வேண்டும்.

கூரையைத் திறந்த கையோடு வடிகால் குழாய்கள் இரண்டையும் பாருங்கள். சேறு அடைத்தால் நீர் தலைமேல் சொட்டும், காயிலின் அடிப்பக்கம் எப்போதும் நனைந்தே கிடக்கும். வாயால் ஊத வேண்டாம், மெல்லிய பிளாஸ்டிக் குழாயை விட்டுக் கிளறினால் போதும்.

கிளட்ச் தட்டு சுற்றியபடியே இருந்தும் சூடான காற்று வருகிறது என்றால் இரண்டு சாத்தியங்கள். ஹீட்டர் குழாய் பெரும்பாலும் கூலிங் காயிலோடு ஒரே பெட்டிக்குள் இருக்கும். ஹீட்டர் வால்வு முழுதாக மூடாவிட்டால் 80, 90 டிகிரி ரேடியேட்டர் நீர் உள்ளே வந்து, குளிர்ந்த காற்றைச் சூடாக்கி அனுப்பும். ஆனால் அது இன்ஜின் சூடானதும், அதாவது காலையிலேயே கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். அரை மணி நிறுத்திப் போட்டாலும் நீர் இன்னும் சூடாகவே இருப்பதால் குளிர்ச்சி திரும்பாது. உங்களுடையது அப்படி இல்லை என்பதால் வாய்ப்பு குறைவு. சந்தேகம் இருந்தால் இன்ஜின் பக்கத்தில் ஹீட்டர் ஹோஸை மூடும் குழாய்த் திருகு இருக்கிறதா என்று தேடி அடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

மற்றது எக்ஸ்பான்ஷன் வால்வில் (திரவத்தைச் சிறு துளை வழியாகக் கூலிங் காயிலுக்குள் விடும் வால்வு) உறையும் ஈரம். இதைத்தான் உங்கள் விஷயத்தில் இரண்டாவதாகச் சந்தேகப்படுகிறேன். வாக்குவம் போடாமல், அதாவது உள்ளே இருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சி எடுக்காமல் கேஸ் ஏற்றினால் காற்றோடு ஈரமும் உள்ளே தங்கிவிடும். டிரையர் கொஞ்சம் உறிஞ்சும். அது நிறைந்த பிறகு மிச்ச ஈரம் வால்வின் ஊசித்துளையில் ஐஸாகி வழியை அடைக்கும். கேஜில் குறைந்த அழுத்தப் பக்கத்து முள் பூஜ்யத்துக்குக் கீழே வாக்குவத்துக்கே போகும், பருத்த பைப் வெதுவெதுப்பாகும். நிறுத்தினால் ஐஸ் உருகி மறுபடி வேலை செய்யும். கேஸ் ஏற்றியபோது வாக்குவம் பம்ப் எவ்வளவு நேரம் ஓடியது என்று உங்கள் மெக்கானிக்கிடம் தயங்காமல் கேளுங்கள்.

கேஜ் வைத்துப் பார்க்கும்போது முதலில் இன்ஜின் ஓடாமல் இரவு முழுதும் நின்ற நிலையில் அளவெடுக்க வேண்டும். ஆர்-134ஏ என்றால் குறைந்த அழுத்தப் பக்கம், உயர் அழுத்தப் பக்கம் இரண்டின் முள்ளும் ஒரே அளவைக் காட்டும்: 25 டிகிரியில் சுமார் 82 பி.எஸ்.ஐ., 30-ல் 97, 35-ல் 114. இதைவிடத் தெளிவாகக் குறைந்தால் கேஸ் ஏறக்குறைய இல்லை என்று பொருள். தெளிவாகக் கூடினால் காற்றோ வேறு வகை கேஸோ கலந்திருக்கிறது. ஆனால் அளவு சரியாக இருப்பதால் கேஸின் எடை சரி என்று ஆகிவிடாது. உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கும்வரை, 300 கிராம் இருந்தாலும் 2 கிலோ இருந்தாலும் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும்.

பிறகு கதவுகளை மூடி, புளோயர் முழு வேகம், குளிர்ச்சி அதிகபட்சம், இன்ஜின் 1500 ஆர்.பி.எம்.முக்குச் சற்று மேல் வைத்துப் பத்து நிமிடம் ஓட்டி அளவெடுக்க வேண்டும். வெளியே 35 டிகிரி என்றால் குறைந்த பக்கம் 25 முதல் 40, உயர்ந்த பக்கம் 200 முதல் 260 பி.எஸ்.ஐ.க்குள் இருந்தால் நல்ல நிலை. இரண்டுமே உயர்ந்திருந்தால் அடைத்த கண்டென்சர், கூடுதல் கேஸ், உள்ளே காற்று இவற்றில் ஒன்று. கண்டென்சர் சுத்தமான பிறகும் அப்படியே இருந்தால் மற்ற இரண்டுதான். இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. குறைந்த பக்கம் வாக்குவத்துக்குப் போனால் அடைப்பு. குறைந்த பக்கம் 60, 70 என்று உயர்ந்தும் உயர்ந்த பக்கம் 120, 130 என்று தாழ்ந்தும் இருந்து, இன்ஜின் வேகத்தைக் கூட்டினாலும் இரண்டும் விலகவில்லை என்றால் அப்போதுதான் கம்ப்ரசரைக் குறை சொல்லலாம்.

உங்கள் வண்டிக்கு இனி கேஸைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். இருப்பதை ரெக்கவரி மெஷினால் முழுதும் எடுத்து எடை பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்ரசர் பக்கமோ கேபின் கூரையிலோ இருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை கிராம், எந்த கேஸ் என்று எழுதியிருக்கும். கேபின் டிராக்டர்களில் பெரும்பாலும் 1 முதல் 2 கிலோவுக்குள், சிறிய கேபினில் ஒரு கிலோவுக்கும் குறைவு. எடுத்த எடைக்கும் ஸ்டிக்கருக்கும் உள்ள வித்தியாசமே நடந்ததைச் சொல்லிவிடும். சைட் கிளாஸில் (கேஸின் ஓட்டத்தைப் பார்க்கும் கண்ணாடி) குமிழ் மறையும்வரை ஏற்றுவது பழைய ஆர்-12 காலத்துப் பழக்கம். ஆர்-134ஏ-யில் சரியான அளவிலும் சில நேரம் குமிழ் தெரியும், அதை நம்பி ஏற்றினால் கூடிப்போகும். உங்களுக்கு நடந்தது இதுவாகவே இருக்கலாம்.

காலியான நிலையில் நைட்ரஜன் ஏற்றி, 150 பி.எஸ்.ஐ. அளவில் நிறுத்தி, சோப்பு நுரையால் எல்லா இணைப்புகளையும் பார்க்கட்டும். நைட்ரஜன் சிலிண்டருக்கு ரெகுலேட்டர் கட்டாயம். ஆக்சிஜன் எந்த நிலையிலும் கூடாது. கசியும் இடங்கள் ஏறக்குறைய தெரிந்தவைதான்: கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல், ஹோஸ் முனையில் நசுக்கிப் பிடித்திருக்கும் வளையம், கேபின் தூணில் உரசும் ஹோஸ், சர்வீஸ் போர்ட்டின் வால்வு ஊசி. கசிவை அடைக்கும் திரவம் என்று விற்பதை உள்ளே ஊற்ற விடாதீர்கள். அது எக்ஸ்பான்ஷன் வால்வையும் ரெக்கவரி மெஷினையும் சேர்த்து அடைக்கும். மலிவு என்று எல்பிஜி கலந்த கேஸும் வேண்டாம். மூடிய கேபினுக்குள் கசிந்தால் தீப்பிடிக்கும்.

லீக் இல்லை என்றால் டிரையரையும், கழற்றிய இணைப்புகளின் ஓ-ரிங்குகளையும் மாற்றி, வாக்குவம் பம்பைக் குறைந்தது 45 நிமிடம் ஓட விட வேண்டும். புதிய டிரையரின் மூடிகளைக் கடைசி நேரத்தில்தான் திறக்க வேண்டும்; திறந்தே கிடந்தால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி, பொருத்துவதற்கு முன்பே வீணாகிவிடும். பம்பை நிறுத்தியபின் அரை மணி நேரம் முள் நகராமல் இருக்க வேண்டும். பிறகு தராசில் சிலிண்டரை வைத்து, ஸ்டிக்கரில் இருக்கும் எடையை மட்டும் ஏற்ற வேண்டும். இன்ஜின் ஓடும்போது கேஜ் செட்டில் உயர் அழுத்தப் பக்கத்துச் சிவப்பு வால்வைத் திறக்கவே கூடாது. உயர் அழுத்தம் சிலிண்டருக்குள் திரும்பிப் போய் அது வெடிக்கலாம்.

இவ்வளவுக்கும் பிறகு, மேலே சொன்ன 70-க்கு 130 என்ற அளவு வந்தால் கம்ப்ரசரை மாற்றுங்கள். மாற்றும்போது பழைய டிரையரை அறுத்துப் பாருங்கள். உள்ளே வெள்ளித் தூள் மினுங்கினால் பழைய கம்ப்ரசரின் உலோகத் துகள் எல்லா இடத்துக்கும் போயிருக்கிறது. ஹோஸ்களையும் கூலிங் காயிலையும் ஃப்ளஷ் செய்ய வேண்டும், எக்ஸ்பான்ஷன் வால்வை மாற்ற வேண்டும். மெல்லிய தட்டைக் குழாய்கள் கொண்ட கண்டென்சர் என்றால் ஃப்ளஷ் செய்தாலும் துகள் முழுதாக வராது, அதையும் மாற்றுவதே நல்லது. புதிய கம்ப்ரசரில் பெரும்பாலும் ஆயில் நிரப்பியே வரும். அது எந்த வகை பிஏஜி ஆயில், எத்தனை மில்லி என்று அதன் லேபிளில் பார்த்துவிட்டு, மாற்றிய மற்ற பாகங்களுக்கான அளவை மட்டும் கையேட்டின்படி சேர்க்கட்டும். ஆயில் அதிகமானாலும் குளிர்ச்சி குறையும். பெல்ட் மாட்டிய பிறகு, கிளட்சுக்கு மின்சாரம் கொடுப்பதற்கு முன், நடுத்தட்டைக் கையால் பத்துச் சுற்று சுற்றிவிடுங்கள். உள்ளே தேங்கிய ஆயில் வால்வு தகடுகளை அடித்து உடைக்காமல் இருக்கும். முதல் சில நிமிடம் ஐட்லிங்கில் மட்டும் ஓட்டி, பிறகு வேகத்தைக் கூட்டுங்கள்.